மாமன் படிக்க வேண்டிய பன்னிரண்டு வரிகள்

1

இதை நான் பேசுகிறேன், போன் எழுதிக்கொள்கிறது. பிறகு என் மனைவி சாந்தி உட்கார்ந்து என் பேச்சை அச்சில் வரும் தமிழாக மாற்றித் தருவாள். அவள் நர்ஸ். வேலை முடிந்து வந்த களைப்பில் திருத்துகிறாள் என்பதால், தப்பு இருந்தால் பழியை ஆளுக்குப் பாதியாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

பர்மிங்ஹாமுக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. ஊரிலிருந்து வந்தவர்கள் இங்கே கொட்டும் பனியைப் பற்றியும் உப்புச் சப்பில்லாத சாப்பாட்டைப் பற்றியும் எழுதித் தள்ளிவிட்டார்கள். எனக்கு அதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. போன மாசம் மயிலாப்பூரில் ஒரு சின்ன மண்டபத்தில், நூற்றைம்பது பேர் முன்னால், கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு நான் நின்றேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

எனக்கு ஐம்பது வயது. டிஸ்லெக்சியா இருக்கிறது என்று போன வருஷம்தான் சொன்னார்கள். கண்ணில் கோளாறு இல்லை, புத்தியிலும் இல்லை. எழுத்தைப் படிக்கப் போனால் மட்டும் மூளை முட்டிக்கொண்டு நிற்கும். எழுத்துகள் ஆடும், குதிக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அவை அசையாமல்தான் இருக்கும். கோயில் வாசலில் செருப்புக் குவியல் கிடக்குமே, அந்த மாதிரி. என் ஜோடி அதற்குள்தான் இருக்கிறது என்று தெரியும். தேடி எடுப்பதற்குள் கூட வந்தவர்கள் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

2

மேற்கு மாம்பலத்தில், ரயில்வே ஸ்டேஷனை ஒட்டிய சந்தில் வளர்ந்தவன் நான். அப்பா ஸ்கூட்டர் மெக்கானிக். அக்கா மல்லிகா என்னைவிட ஆறு வயது பெரியவள். பள்ளிக்கூடத்தில் ஒவ்வொருவராக எழுந்து ஆளுக்கொரு பத்தி படிக்க வேண்டும். எனக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணி, என் பத்தி எது என்று பார்த்து, பக்கத்தில் இருப்பவனை அதை முணுமுணுக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்வேன். இரண்டு தடவை காதில் விழுந்தால் போதும், என் முறை வரும்போது புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கணீரென்று ஒப்பித்துவிடுவேன். ஒரு நாள் தமிழ் வாத்தியார் கடைசி பெஞ்சிலிருந்து ஆரம்பித்தார். அன்றைக்கு வாங்கிய அடி இன்னும் ஞாபகம் இருக்கிறது.

வீட்டில் எனக்குப் பெயர் மக்கு. அக்கா வைத்த பெயர்தான். பாடத்தைச் சத்தமாகப் படித்து என் மண்டையில் ஏற்றியவளும் அவள்தான் என்பதால் அவளிடம் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. பத்தாவதோடு நிறுத்திவிட்டு தி. நகரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். அங்கே நான் ராஜா. இன்ஜின் சத்தத்தைக் கேட்டே எந்தப் பாகம் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். முதலாளி எல்லாரிடமும் என்னைக் காட்டிப் பெருமையடிப்பார்: "இன்னா நைனா பாக்குறே? இவன் புக்கே பாக்க மாட்டான். எல்லாம் மண்டைலயே கீது." புக் பார்க்க மாட்டேன் என்பது அவருக்குத் திறமையாகத் தெரிந்தது. நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

சாந்திக்கு இங்கே வேலை கிடைத்து, அவள் பின்னாலேயே நானும் வந்தேன். வெளிநாடு எனக்குச் செய்த முதல் உபகாரம் என்ன தெரியுமா? இங்கே ஒரு இந்தியன் மெதுவாகப் படித்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. பாவம், பாஷை புதுசு என்று அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். பதினெட்டு வருஷம் அந்தப் பாவத்துக்குள் சௌகரியமாக ஒளிந்திருந்தேன். வரிக் கடிதம், விசா பாரம், ஆஸ்பத்திரி சீட்டு என்று வருவதையெல்லாம் சமையலறை டப்பாக்களுக்குப் பின்னால் சொருகி வைப்பேன், சாந்தி வந்து பார்ப்பாள். அவளுக்கு மட்டும் ஓரளவு தெரியும். பெண் இனியா வளர்ந்த பிறகு அவளிடம் நீட்ட ஆரம்பித்தேன். முதலில் ஆசையாகப் படித்துச் சொன்னவள், பதினாலு வயதுக்கு மேல் பெருமூச்சு விட ஆரம்பித்தாள். "ஜஸ்ட் ரீட் இட், அப்பா" என்று சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். அப்பாவுக்கு இங்கிலீஷ் போதாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். தமிழும் இதே லட்சணம்தான் என்று எந்த அப்பன் சொல்வான்?

நான் பஸ் டெப்போவில் மெக்கானிக். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ரிப்பேர் விவரத்தை டேப்லெட்டில் எழுதினால்தான் வண்டி வெளியே போகும் என்று சட்டம் வரும்வரை. நான் எல்லா வண்டிக்கும் ஒரே இரண்டு வார்த்தையைப் போட்டேன். சூப்பர்வைசர் மார்ஷா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டு போனேன். அவள் திட்டவில்லை. தன் மகனும் இப்படித்தான் இரண்டு வார்த்தையில் முடிப்பான் என்று சொல்லி, ஒரு பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தாள்.

மூன்று மணி நேரம் ஒரு அம்மாள் என்னைச் சோதித்தார். அர்த்தமே இல்லாத பொய் வார்த்தைகளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். மனப்பாடத்துக்கு அங்கே வேலையில்லை. வசமாக மாட்டிக்கொண்டேன். கடைசியில், இது சோம்பேறித்தனமும் இல்லை, மந்தமும் இல்லை, பிறவியிலேயே மூளை படிக்கும் விதம் வேறு, பல குடும்பங்களில் வழிவழியாக வரும் என்றார். காரில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷமா கோபமா என்று கேட்டால், கோபம்தான். ஒரு வாரம் கழித்துத் தபாலில் அறிக்கை வந்தது. பதினாலு பக்கம்! படிக்க முடியாதவனுக்கு!

3

அக்கா மகள் தீபாவுக்கு இடம் குதிர்ந்தது. மாப்பிள்ளை ஹரி, மந்தைவெளிப் பையன். எங்கள் பக்கத்தில் நிச்சயதார்த்தப் பத்திரிகையை ஐயர் எழுதுவார், ஆனால் சபையில் நின்று படிக்க வேண்டியது பெண்ணின் தாய்மாமன். அவன் படித்து முடித்த பிறகுதான் தட்டு மாற்றுவார்கள். தீபாவின் அப்பா இறந்து நாலு வருஷம் ஆகிறது. எனவே அக்கா பக்கத்தில் நிற்க வேண்டிய ஒரே ஆண் நான்தான். இன்ன தேதிக்கு வந்துவிடு என்று அக்கா சொன்னபோது, ஐயரையே படிக்கச் சொல்லலாமே என்று மெல்ல இழுத்துப் பார்த்தேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

வாட்ஸ்அப்பில் பத்திரிகையின் போட்டோ வந்தது. பன்னிரண்டு வரி. போனையே படிக்கச் சொல்லிக் கேட்டேன். டெப்போவில் பஸ்ஸுக்கு அடியில் படுத்துக்கொண்டு மூன்று வாரம் ஒப்பித்தேன். மாப்பிள்ளையின் தாத்தா பெயர் வேதகிரி, எங்கள் பாட்டனார் பெயர், நட்சத்திரம், ஆவணி மாதத்து முகூர்த்தம், எல்லாம் சரளமாக வந்தது. ஆவணிக் கல்யாணத்துக்கும் சேர்த்து விமான டிக்கெட் போட்டு, அக்காவிடமும் சொல்லி வைத்தேன். ஐம்பது வயதில் இன்னும் கடைசி பெஞ்சுக்குப் பயந்துகொண்டிருக்கிறேனே என்று அவமானமாகவும் இருந்தது.

கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால் அக்காவிடமிருந்து நீளமாக ஒரு மெசேஜ் வந்தது. அன்றைக்கு அது ஏழாவது. கையெல்லாம் கிரீஸ். சாப்பாட்டுப் பட்டியலாக இருக்கும் என்று நினைத்து, எப்போதும் போடுகிற கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு வண்டிக்கு அடியில் போய்விட்டேன். பிறகு அதைக் கேட்க மறந்தே போனேன்.

சனிக்கிழமை இனியாவோடு மாம்பலத்தில் போய் இறங்கினேன். வீடு முழுக்க ஆள். மெசேஜ் பார்த்தாயல்லவா, டிக்கெட் எல்லாம் சரி பண்ணிக்கொண்டாயா என்று அக்கா கேட்டாள். ஆமாம் ஆமாம், எல்லாம் ஆச்சு என்றேன். அவளுக்கு முகம் மலர்ந்தது.

4

ஞாயிற்றுக்கிழமை. மண்டபம் மயிலாப்பூர் மாடவீதி ஒன்றில், கோயில் குளத்திலிருந்து நாலு கட்டிடம் தள்ளி. நாலரைக்கு ராகு காலம் ஆரம்பம், அதற்குள் தட்டு மாற்றிவிட வேண்டும் என்று ஐயர் வந்ததிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்றே முக்காலுக்கு, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய தாளையும் ஒரு மைக்கையும் என் கையில் கொடுத்தார். நான் தாளைக் கண்ணெதிரே பிடித்துக்கொண்டேன். பன்னிரண்டு வரி. கண் அதன்மேல் இருந்தது, அவ்வளவுதான்.

ஆரம்பித்தேன். என் குரல் நல்ல குரல். மேடையில் தீபா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். இனியா போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் தாத்தா பெயரைச் சொன்னபோது அந்தப் பக்கம் ஏதோ சலசலப்பு. நிறுத்தினால் வரிசை அறுந்துவிடும் என்று பயந்து மேலே போனேன். "நிகழும் ஆவணி மாதம்" என்றேன்.

ஐயர் என் கையைத் தொட்டார். "ஐப்பசின்னு எழுதியிருக்கேன். நீங்க ஆவணிங்கறேளே" என்று காதருகில் சொன்னார்.

தாளைப் பார்த்தேன். அதில் ஐப்பசி எங்கே இருக்கிறது, ஆவணி எங்கே இருக்க வேண்டும் என்று ஒன்றுமே பிடிபடவில்லை. நாற்பது வருஷப் பழக்கம் தானாகவே வாயைத் திறந்தது. கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டேன் என்றேன்.

முன்வரிசையில் மாப்பிள்ளையின் அத்தை ராஜேஸ்வரி எழுந்து நின்றார். அந்த வீட்டில் அவர் சொல்வதுதான் சட்டம் என்று அக்கா முன்பே சொல்லியிருந்தாள்.

"கண்ணாடி இல்லாமத்தான் இவ்வளவு நேரம் கடகடன்னு படிச்சீங்களா?"

அவரே தொடர்ந்தார். ஆவணித் தேதி பெண்ணுக்கு ஆகவில்லை என்று எடுத்துச் சொன்னது அவர். ஐப்பசிக்கு மாற்றியதும் அவர். தன் அப்பாவின் பெயரை மொட்டையாகப் போடாமல் முழுசாகப் போடச் சொன்னதும் அவர். இரண்டையும் பெண் வீட்டார் ஒப்புக்கொண்டு, ஐயரும் திருத்தி எழுதிக் கொடுத்திருக்கிறார். அக்கா அனுப்பிய அந்த ஏழாவது மெசேஜில் இருந்தது இதெல்லாம்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"மாமா ஆவணிக்கு டிக்கெட் போட்டுட்டாராம். அதான் பத்திரிகைல என்ன இருந்தாலும் அவர் இஷ்டத்துக்குப் படிக்கிறாரு. எங்க அப்பா பேரைக்கூட விட்டுட்டாரு. இப்பவே இப்படின்னா, நாளைக்கு எங்க பேச்சு இந்த வீட்ல எடுபடுமா?"

மாப்பிள்ளையின் அப்பா சாது. அவர் எழுந்து, தட்டு மாற்றுவதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று ஐயரிடம் கேட்டார். அந்தப் பக்கத்தில் இரண்டு வரிசை எழுந்துவிட்டது. இன்னொரு நாள் என்றால் என்ன அர்த்தம் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். நான் அக்காவைப் பார்த்தேன். நான் வேண்டுமென்றே செய்துவிட்டேன் என்று அவளும் நம்பியது அவள் முகத்தில் தெரிந்தது. அவளிடம்தான் எல்லாம் ஆச்சு என்று சொல்லியிருந்தேனே.

உண்மையைச் சொன்னால் என் மேல் இருக்கும் பழி போகும். ஆனால் வழிவழியாக வரும் என்று என்னைச் சோதித்த அம்மாள் சொன்னது நினைவுக்கு வந்தது. கல்யாணம் பேசும் சபையில், பெண்ணின் தாய்மாமனுக்குப் பிறவிக் கோளாறு என்று யாராவது வாய் திறந்து சொல்வார்களா? சொல்லாவிட்டால் இந்த இடம் இப்போதே போகிறது. சொன்னாலும் போகலாம். மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்திருப்பதே மறந்துபோய்ப் பேசினேன்.

"எனக்குப் படிக்க வராதுங்க. சின்ன வயசுலேர்ந்தே வராது. மொதல்ல வந்த பத்திரிகையை போன்ல கேட்டு மனப்பாடம் பண்ணிக்கிட்டு வந்தேன். அக்கா அனுப்புன மெசேஜை நான் படிக்கவே இல்ல. மாசம் மாறினது இந்த நிமிஷம் வரைக்கும் எனக்குத் தெரியாது. இதுக்கு டிஸ்லெக்சியான்னு பேரு. தப்பு என்னுது. எங்க அக்கா மேல ஒண்ணும் இல்ல."

இனியா போனைக் கீழே இறக்கிவிட்டாள்.

ராஜேஸ்வரி அம்மாள் நான் பயந்த கேள்வியையே கேட்டார். "இது வம்சத்துல வருமா?"

"வரலாங்க" என்றேன். அதற்குமேல் ஒரு பொய்யைத் தூக்க எனக்குத் தெம்பில்லை.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அப்போது தீபா தலையை நிமிர்த்தினாள். "ஹரி, அத்தை கேக்கிறது நாளைக்கு நமக்குப் பொறக்கிற குழந்தையைப் பத்தி. நீங்க பதில் சொல்லுங்க." ஹரி அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு நின்றுகொண்டிருந்த தன் அப்பாவிடம் திரும்பி, "உக்காருங்கப்பா" என்றான். அவர் உட்கார்ந்தார். எழுந்த வரிசைகளும் ஒவ்வொன்றாக உட்கார்ந்தன. அத்தை மட்டும் நின்றார்.

நாலு அடித்துவிட்டது, தாளைக் கொடுங்கள், நான் படித்துவிடுகிறேன் என்று ஐயர் கை நீட்டினார். கொடுக்கத்தான் போனேன்.

"வேணாம்" என்றார் ராஜேஸ்வரி அம்மாள். "அவரே படிக்கட்டும். எங்க அப்பா பேரு எழுத்து விடாம அவர் வாயால வரணும்."

என்னைச் சந்தி சிரிக்க வைக்கச் சொன்னாரா, மரியாதையாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நான் தாளை மேஜைமேல் வைத்து, வரிக்கு அடியில் விரலை வைத்துக்கொண்டேன். இனி ஒப்பிக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெரிந்த வார்த்தையைக்கூட எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். அகவை ஐம்பது, மீசை நரைத்தவன், ஒன்றாம் வகுப்புப் பையன் மாதிரி. பின்னால் யாரோ சிரித்தார்கள். யாரோ அதட்டினார்கள். வியர்வை தாளில் விழுந்து மஞ்சள் கரைந்தது.

தாத்தாவின் வரி வந்தது. அது எனக்குத் தெரியாத வரி. "திரு... திருக்... கழு..." என்று நின்றேன். பக்கத்திலிருந்து யாரோ மெதுவாக எடுத்துக் கொடுத்தார்கள். "யாரும் சொல்லாதீங்க" என்று அத்தையின் குரல் கேட்டது. மறுபடி முதலிலிருந்து வந்தேன். திருக்கழுக்குன்றம். ஓய்வுபெற்ற. தலைமையாசிரியர். ஒரு தலைமையாசிரியர் மகள் முன்னாலா இப்படித் தடுமாற வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். வேதகிரீஸ்வரன். ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு, ஒன்றையும் விடாமல் படித்தேன். ராஜேஸ்வரி அம்மாள் உட்கார்ந்தார்.

பிறகு நட்சத்திரம், பிறகு ஐப்பசி. எப்போது முடித்தேன் என்று எனக்குத் தெரியாது. நிமிர்ந்தபோது கடிகாரத்தில் நாலு இருபத்திரண்டு. கைதட்டல் எதுவும் இல்லை. "தட்டை மாத்துங்க, நேரமாச்சு" என்றார் ராஜேஸ்வரி அம்மாள். அக்கா எழுந்து வந்து தட்டைத் தூக்கினாள். என்னைப் பார்க்கவே இல்லை.

5

ஆட்டோவில் மாம்பலத்துக்குத் திரும்பும்போது இனியா என் பக்கம் நெருங்கி உட்கார்ந்திருந்தாள். ரொம்ப நாளாக அப்படி உட்கார்ந்ததில்லை. பாண்டி பஜார் நெரிசலில் வண்டி நின்றபோது கேட்டாள்.

"அந்த ஆன்ட்டி கேட்டாங்களே, வம்சம்னா என்னப்பா?"

"நீயும்தான்" என்றேன்.

வீடு வருவதற்குள், எனக்கு வரும் கடிதங்களை இத்தனை நாள் சலித்துக்கொண்டே படித்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். நான் சொல்லாதது என் தப்பு என்று சொன்னேன். அவளுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது. அவளும் கேட்பாள் என்று நம்புகிறேன்.

அக்கா அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் காலை, நிச்சயதார்த்தத்துக்கு வர முடியாதவர்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பத் தாம்பூலப் பைகள் போட்டுக்கொண்டிருந்தாள். கூடத்தில் தேங்காய், வெற்றிலை, பாக்கு, மஞ்சள் எல்லாம் பரப்பியிருந்தது. நான் எதிரே உட்கார்ந்து தேங்காயை எடுத்துப் பைகளில் போட ஆரம்பித்தேன். பத்தாவது பை நிரம்பியபோது அவள் கேட்டாள்.

"இவ்வளவு வருஷமா ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

இதற்கான பதிலை நான் பதினாலு பக்க அறிக்கையில் தேட வேண்டியதில்லை. வாய்வரை இருந்தது. "சொன்னா நீ என்னை மக்குன்னு நெனச்சிடுவியேன்னுதான்க்கா."

அவள் வெற்றிலையைக் கீழே வைத்தாள்.

"நெனச்சிடுவேனா? சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான்டா நெனச்சுக்கிட்டு இருக்கேன். நீ தடவித் தடவிப் படிப்பே, நாலு பேரு சிரிப்பாங்கன்னு தெரிஞ்சுதான் உன்னை வரச் சொன்னேன். எம்பொண்ணுக்கு மாமன் நீதானே. நான் வேற யாரைடா கூப்பிடுவேன்?"

நான் தலை குனிந்து அடுத்த தேங்காயை எடுத்தேன். கண் மறைத்ததில் ஒரே பையில் இரண்டு போட்டுவிட்டேன் போலிருக்கிறது. அக்கா ஒன்றை எடுத்து அடுத்த பையில் போட்டாள்.